பூஜையில் வைத்த ஷாக் பெட்டி

தொண்டூர் இளவரசனைப் பற்றிச் செஞ்சியில் இரண்டு பேச்சு உண்டு. செத்துப்போன லோடுமேனை எழுப்பி உட்காரவைத்தான் என்பது ஒன்று. ஆயுத பூஜையும் அதுவுமாகச் சாமி குற்றம் செய்தான் என்பது மற்றொன்று. இரண்டையும் சொல்கிறவர்கள் ஒரே ஆட்கள்தான். திண்டிவனம் சாலை டீக்கடையில் குடிப்பது முதல் டீயா இரண்டாவது டீயா என்பதைப் பொறுத்துக் கதை மாறும். இரண்டுமே சரியில்லை. அந்த லோடுமேன் காமராஜ் சாகவில்லை. சாமியும் இதுவரை புகார் எதுவும் கொடுக்கவில்லை.

இளவரசன் என்று பெயர் வைத்தது நைனா, அவன் அப்பா. செஞ்சியில் ராஜா கோட்டை இருக்கிறது, ராணி கோட்டை இருக்கிறது, பிள்ளையை மட்டும் காணோமே என்று யோசித்து வைத்த பெயர். பெயரோடு நாடு நகரம் எதுவும் வரவில்லை. வந்தது ஏரிக்கரையோரம் கொஞ்சம் புன்செய். அதற்கும் கிணறு பங்காளி பக்கத்தில் இருந்தது.

பத்தாம் வகுப்பை அவன் அவசரப்படாமல் இரண்டு தவணையில் முடித்தான். பிறகு வேலைகள். செல்போன் கடையில் வைத்தார்கள். சார்ஜர் வாங்க வந்தவர்களிடம் "இது ஒரிஜினல் இல்லண்ணே, மூணு மாசம் வந்தா பெரிசு" என்று விளக்கி அனுப்பினான். கடைக்காரர் அவனையும் அனுப்பினார். மினி பஸ்ஸில் கண்டக்டரானான். அவலூர்பேட்டை போகும் வழியில் ஒருநாள், "பிரேக்கு கொஞ்சம் லேட்டாத்தான் பிடிக்குது, கொழந்த வச்சிருக்கவங்க பின்னால வந்துடுங்க" என்று சொன்னான். அடுத்த நிறுத்தத்தில் பஸ்ஸே காலியாகிவிட்டது. பஸ் முதலாளி பிரேக்கைச் சரிசெய்யவில்லை, கண்டக்டரைச் சரிசெய்தார். இப்படி உண்மை பேசிப் பேசி ஊரில் இருந்த வேலைகளையெல்லாம் தீர்த்துவிட்டு, கடைசியில் வேதவல்லி மாடர்ன் ரைஸ் மில்லில் லாரி எடைபோடும் மேடைக்கு வந்து சேர்ந்தான். அங்கே எடையை மெஷின் சொல்லும். இவன் வாயைத் திறக்க வேண்டியதில்லை. மில் முதலாளி பச்சமுத்து அதை நம்பித்தான் சேர்த்துக்கொண்டார்.

இதற்கு நடுவில் நைனா போனார். அவலூர்பேட்டை பஸ் நிறுத்தத்தில், கையில் மல்லாட்டைக் கடலைப் பையோடு, நின்றபடியே சரிந்தார். ஊர் சும்மா இருந்துவிடவில்லை. சோடா வாங்கிவர ஓடியவர்கள் நாலு பேர். ஒருவர் வலிப்பு என்று தீர்மானித்து வீட்டுச் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். ஒருவர் தினசரித் தாளால் விசிறினார். "காத்து வரட்டும், தள்ளுங்கப்பா" என்று சுற்றி நின்ற அத்தனை பேரும் சொன்னார்கள், ஒருவரும் தள்ளவில்லை. யாரையும் குறை சொல்வதற்கில்லை. அவரவருக்குத் தெரிந்ததை அவரவர் முழு மனதோடு செய்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர், "விழுந்த உடனே யாராவது நெஞ்சை அமுக்கினாங்களா?" என்று கேட்டபோது, அப்படி ஒரு காரியம் உலகத்தில் இருப்பதே இளவரசனுக்கு அன்றுதான் தெரிந்தது.

ஷாக் பெட்டி மில்லுக்கு வந்தது மனித நேயத்தால் அல்ல. வெளிநாட்டுக்கு அரிசி அனுப்பும் கம்பெனிக்காரர் ஒருவர் மில்லைச் சோதித்துப் பார்க்க வந்தார். தீயணைப்பு சிலிண்டர், ஹெல்மெட் எல்லாம் பச்சமுத்து வழக்கம்போலப் பக்கத்து மில்லில் இரவல் வாங்கி மாட்டியிருந்தார். வந்தவர், "நெஞ்சு நின்னுபோனா ஷாக் கொடுக்கிற மெஷின் எங்கே?" என்று கேட்டுவிட்டார். செஞ்சி வட்டாரத்தில் எந்த மில்லிலும் அது இல்லை. இரவல் கிடைக்காத ஒரே காரணத்தால் பச்சமுத்து அதை விலைக்கு வாங்கினார்.

கூடவே பயிற்சி விழா. மேடை, மைக், பொன்னாடை. பயிற்சியாளர் கொண்டுவந்த ரப்பர் பொம்மை வெறும் மார்போடு மேஜைமேல் கிடந்தது. பார்க்க நன்றாயில்லை என்று அதற்கும் ஒரு பொன்னாடை போர்த்திவிட்டார்கள். வரவேற்புரை, சிறப்புரை, டிபன் எல்லாம் போக மிச்ச நேரத்தில் ஒவ்வொருவரும் பொம்மையின் நெஞ்சில் கைவைத்துச் சிரித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அமுக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எல்லாருக்கும் சான்றிதழ். வெளியே லாரியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த லோடுமேன் மேஸ்திரி காமராஜுக்கும் ஒன்று. உள்ளே வராமலே தேறியவர் அவர் ஒருவர்தான்.

பயிற்சியாளரை பஸ் ஏற்றிவிடும் வேலை இளவரசனுக்கு. வண்டியில் போகும்போதும் கேள்வி, பஸ் நிலையத்தில் நின்றும் கேள்வி. முதல் பஸ்ஸை அவர் விட்டார். இரண்டாவதையும் விட்டார். மூன்றாவது பஸ் கிளம்பிய பிறகும் இவன் ஜன்னலோரம் ஓடிக்கொண்டே, "சார், குறட்டை மாதிரி சத்தம் வந்தா அது மூச்சா இல்லியா?" என்று கேட்டான். "மூச்சில்லை, அமுக்கு!" என்று அவர் கத்தினார். பஸ்ஸிலிருந்தவர்கள் பயந்துபோய் அவரைப் பார்த்தார்கள்.

திரும்பி வந்தால் பெட்டியைக் காணோம். பச்சமுத்து அதைத் தன் அறை பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்.

"மொதலாளி, அது வெளியில தொங்கணும். பூட்டு இருக்கக் கூடாது."

"இன்னாடா சொல்ற? அம்மாம் வெல குடுத்து வாங்கினத தெருவுல மாட்டச் சொல்றியா? எவனாவது தூக்கிட்டுப் போயிட்டா?"

"தூக்கிட்டுப் போயி இன்னா பண்ணுவான் மொதலாளி? டிவியா பாப்பான்?"

"சாவி எங்கிட்டதான இருக்குது. வேணுன்னா வந்து கேளு."

"நீங்க மயிலம் கோயிலுக்குப் போயிருந்தா?"

"போன் பண்ணு."

நைனா விழுந்தது முதல் ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டது வரை நடுவில் எவ்வளவு நேரம் வீணாய்ப் போனது என்பது இளவரசனுக்கு நன்றாகத் தெரியும். போன் பண்ணிச் சாவி வாங்குகிற விளையாட்டுக்கு அவன் தயாரில்லை. தினமும் காலையில் முதலாளி அறை வாசலில் நின்று அதையே கேட்டான். கடைசியில், சோதனைக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் திரும்ப வந்தால் பூட்டைப் பார்த்து ஆர்டரை நிறுத்திவிடுவார் என்று சொன்னான். உயிருக்கு இளகாத மனது ஆர்டருக்கு இளகியது.

"சரி, எட மேடை பக்கத்துல மாட்டு. ஆனா அதுக்கு எதாவது ஆச்சு, அன்னியோட ஒனக்கு இங்க வேல இல்ல. ஒத்துக்கிறியா?"

ஒத்துக்கொண்டான். அன்றிலிருந்து பூட்டில்லாமல் தொங்கும் அந்தப் பெட்டியும் அவன் வேலையும் ஒரே ஆணியில் தொங்கின.

அக்கா கலைவாணி தையல்காரி. தம்பி வீட்டுத் தலையணைகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பஞ்சு பிதுங்கவைப்பதைப் பொறுக்க முடியாமல், கோணிப்பையில் ஒரு பொம்மை தைத்தாள். உள்ளே தேங்காய் நார், நெஞ்சுப் பகுதியில் பழைய பைக் சீட்டின் ஸ்பாஞ்சு. அமுக்கினால் இறங்கி, விட்டால் மேலே வரும். மேலே ஒரு பழைய சட்டையை வெட்டித் தைத்து, பட்டன் துளைகளையும் ஒழுங்காகக் கட்டினாள்.

"கோணிக்கு இன்னாத்துக்குக்கா பட்டன் காஜா?"

"சட்டையக் கழட்டத் தெரியாதவன் நெஞ்சில இன்னாத்தடா ஒட்டப் போற? மொதல்ல கழட்டிப் பழகு."

அந்தப் பொம்மையைச் சாப்பாட்டு வேளையில் லோடுமேன்களிடம் கொண்டுபோனான். இளவரசனுக்கு இன்னும் பெண் அமையாததால் அவர்கள் பொம்மைக்கு 'மாப்ள' என்று பெயர் வைத்தார்கள். மூட்டை தூக்குகிற கை. முதல் நாளே மாப்பிள்ளையின் தையல் பிரிந்தது. காமராஜ் மட்டும் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு தள்ளியே உட்கார்ந்திருந்தார். "நாங்க மூட்டைய ஏத்துறவங்க தம்பி, உசுர ஏத்துறவங்க இல்ல. ஒன் மாப்ளைக்கு மொதல்ல ஒரு பொண்ணப் பாரு." ஆனாலும் தன் ஆட்களை அவர் தடுக்கவில்லை. சோற்றுக்குப் பிறகு படுத்துத் தூங்குவதைவிட இது வேடிக்கையாக இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. மில்லில் மோட்டார் முதல் முறம் வரை எல்லாம் துடைக்கப்பட்டுச் சந்தனம் குங்குமம் வாங்கிக்கொண்டன. பொரி, கடலை, மேளம். தொழிலாளிகளின் குடும்பங்களும் வந்திருந்தன. இளவரசன் எடை மேடைக்கு வாழைக்கன்று கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், ஆணி மட்டும் இருந்தது. பெட்டி, பூஜை மேடையில் ஸ்பேனர்களுக்கும் தராசுக்கும் நடுவில், சாமந்தி மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு பொட்டு சரியாக அதன் பச்சை விளக்கின் மேல்.

"மொதலாளி, அது ஆயுதம் இல்ல."

"மெஷின் தான?"

"மெஷின்தான். ஆனா..."

"மெஷின்னா பூஜை உண்டு. இருக்கறதுலயே வெல ஜாஸ்தி அதுக்குத்தான், அத விட்டுட்டு முறத்துக்குப் பூஜ பண்ணச் சொல்றியா?"

"படைச்சதும் எடுத்து மாட்டிடட்டுமா?"

"பூஜையில வச்சத அன்னிக்கே தொடுவாங்களா? நாளைக்குக் காலையில மறுபூஜ பண்ணி, வடக்கால நகத்தி வச்சிட்டுத்தான் எடுக்கணும். ஒரே ஒரு நாளு. அதுக்குள்ள இங்க எவன் சாவப்போறான்?"

இளவரசனுக்கும் சாமி பயம் உண்டு. முதலாளி பயம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். பெட்டியை மேடையிலேயே விட்டுவிட்டு வந்தான்.

முதலாளியம்மா விருத்தாம்பாள் கற்பூரம் காட்டினார். திருஷ்டிப் பூசணிக்காய் உடைப்பது மேஸ்திரியின் உரிமை. காமராஜ் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, கற்பூரம் எரியும் பூசணிக்காயை மூன்று சுற்று சுற்றி, தலைக்குமேல் தூக்கினார். பூசணிக்காய் விழுந்தது. கூடவே காமராஜும் விழுந்தார்.

விழுந்தவரின் கைகால்கள் இரண்டு முறை வெட்டி இழுத்தன. அதைப் பார்த்த கூட்டம் ஒரு கணம்கூடக் குழம்பவில்லை. "சாமி வந்துடுச்சு!" என்று ஒரு குரல். பெண்கள் கும்பிட்டார்கள். மேளக்காரர் அடியை உச்சத்துக்கு ஏற்றினார். ஒருவர் விபூதியை அள்ளி நெற்றியில் பூசி, "யாரு வந்திருக்கிறது, சொல்லு!" என்று கேட்டார். வந்திருந்தவர் எமன், அவருக்குச் சொல்லிக்கொண்டு வருகிற பழக்கம் இல்லை. வெட்டியிழுப்பது நின்று, தொண்டையிலிருந்து ஒரு கரகரத்த சத்தம் விட்டு விட்டு வந்தது. "சாமி மலையேறிடுச்சு. அசதியில கொறட்ட விடறாரு" என்றார் விபூதிக்காரர்.

குறட்டை என்ற சொல் காதில் விழுந்ததும் இளவரசன் பாய்ந்தான். "அண்ணே! காமராஜண்ணே!" தோளைத் தட்டினான், உலுக்கினான். கண் பாதி திறந்திருந்தது, பார்வை இல்லை. மண்டியிட்டு, நடு நெஞ்சில் கையை வைத்து அமுக்க ஆரம்பித்தான்.

"டேய், சாமி வந்த ஆளு நெஞ்சில ஏறி ஒக்காருறான் பாரு!"

"நூத்தியெட்டுக்குப் போடுங்க! பெட்டியக் கொண்டாங்க!"

எல்லாரும் செல்போனை எடுத்தார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் படம் பிடித்தார்கள். பெட்டியை யாரும் கொண்டுவரவில்லை. அதன் முன்னால் குத்துவிளக்கு எரிந்தது, அதற்கும் முன்னால் பச்சமுத்து நின்றார். அவரும் பதறித்தான் போயிருந்தார். பதற்றத்தில் அவருக்கு நினைவு வந்தது விதி ஒன்றுதான்.

"பூஜையில இருக்குதே... இன்னிக்கு எப்படித் தொடறது? வேற எதுனா பண்ணு இளவரசா!"

"வேற எதுவும் இல்ல மொதலாளி!" அமுக்குவதை நிறுத்தாமல் கத்தினான். வியர்வை கண்ணில் இறங்கியது. "வேலைய விட்டுத் தூக்கிக்கோங்க, சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன், பெட்டியக் குடுங்க!"

விருத்தாம்பாள் கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். "மறுபூஜ பண்ணி வடக்கால நகத்தணும், அவ்ளோதான? இப்பவே பண்ணிட்டாப் போச்சு" என்றார். "வடக்கு எந்தப் பக்கம்?"

இங்கேதான் ஊர் தன் அறிவைக் காட்டியது. வாஸ்து பார்த்து மில்லின் வாசலையே ஒருமுறை மாற்றியிருந்தார் பச்சமுத்து. அன்றிலிருந்து யாருக்கும் திசை நிச்சயமில்லை. பாய்லர் பக்கம் என்றார் ஒருவர். இல்லை, அது அக்னி மூலை என்றார் இன்னொருவர். காமராஜின் உயிர் போய்க்கொண்டிருந்தபோது இரண்டு பேர் ஈசானியம் பற்றி விவாதித்தார்கள். "கோட்டையப் பாத்து நில்லுங்கம்மா, சோத்துக்கைப் பக்கம் வடக்கு!" என்று லோடுமேன் ஒருவன் அலறினான். விருத்தாம்பாள் ராஜா கோட்டை மலையைப் பார்த்துத் திரும்பி, "தாயே, மன்னிச்சுக்கோ" என்று சொல்லி, பெட்டியை வலப்பக்கம் ஒரு சாண் தள்ளினார். மறுபூஜை முடிந்தது. மாலையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் மகள் அனு ஓடிவந்தாள்.

அனு காலேஜில் படிக்கிறவள். அவள் இல்லாமல் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். டீக்கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. இளவரசன் கையை எடுக்கவில்லை; அவள்தான் குங்குமத்தை வழித்துவிட்டுப் பொத்தானை அமுக்கினாள். பெட்டி ஆங்கிலத்தில் பேசத் தொடங்கியது. கூட்டம் மரியாதையோடு அடங்கியது; அதுவரை யாருக்கும் அடங்காத மேளமும் அடங்கியது. ஒரு லோடுமேன் காமராஜின் சட்டைப் பட்டன்களைக் கழற்றி, வியர்வை வழிந்த நெஞ்சைத் துண்டால் துடைத்தான். இவ்வளவு பழகிய இளவரசன், பதற்றத்தில் இரண்டு ஒட்டுப்பட்டைகளையும் ஒரே பக்கம் ஒட்டப் போனான்.

"அண்ணா, படத்தப் பாருங்க! ஒண்ணு வலது தோளுக்குக் கீழ, இன்னொண்ணு இடது விலாவுல!"

ஒட்டினான்.

"யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லுது! எல்லாரும் கைய எடுங்க! ஷாக் கொடுக்கணுமாம்... அந்த மின்னுற பொத்தான அமுக்குங்க!"

அமுக்கினான். காமராஜின் உடம்பு ஒரு துள்ளு துள்ளியது. காமராஜைவிட அதிகமாகத் துள்ளியவர் மேளக்காரர். "மறுபடி அமுக்கச் சொல்லுதுண்ணா!" இளவரசனின் கை தளர்ந்திருந்தது. "தள்ளு தம்பி" என்று ஒரு லோடுமேன் இறங்கினான். அவன் களைத்ததும் அடுத்தவன். மாப்பிள்ளையின் தையலைப் பிரித்த அதே கைகள், அளவறிந்து இறங்கி ஏறின. ஆம்புலன்ஸ் சத்தம் திண்டிவனம் சாலையில் கேட்கும்போது காமராஜ் முனகி, தன்மேல் இருந்த கையைத் தட்டிவிடப் பார்த்தார்.

அடைப்பை நீக்கி, ரத்தக்குழாயில் கம்பிச்சுருள் வைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து அவரை அனுப்பிவைத்தார்கள். விலாவில் ஒரு எலும்பு விரிசல். பார்க்கப்போன இளவரசனிடம், "மூட்டைய இப்படியா தம்பி எறக்குவாங்க?" என்று கேட்டார். இவன் கையைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மில் வாசலில் பேனர் வைத்தார்கள். 'உயிர் காத்த உத்தமர்' என்று பச்சமுத்து ஆளுயரத்துக்குச் சிரித்தார். பெட்டியும் பெரிதாக இருந்தது. இளவரசன் பெட்டிக்குப் பின்னால், காது மட்டும் தெரிந்தான். பூஜையில் வைத்ததால்தான் மெஷினுக்கு அவ்வளவு பவர் வந்தது என்று பச்சமுத்து வந்தவர்களிடமெல்லாம் விளக்கினார்.

பேனருக்கு அடுத்த வாரம், தொழிலாளிகளைக் கூட்டி வைத்துக்கொண்டு ஒரு பாராட்டும் வழங்கினார். வெல்டிங் கடையில் சொல்லிச் செய்த இரும்புக் கூண்டு ஒன்று எடை மேடைச் சுவரில் ஏறியிருந்தது. சிவப்புப் பெயின்ட். முன்னால் பெரிய பூட்டு. உள்ளே ஷாக் பெட்டி.

"உயிர் காத்த மெஷினு. இனிமே இத சும்மா தொங்கவிட முடியாது. சாவிய யார்கிட்டயும் குடுக்க மாட்டேன், இளவரசன் ஒருத்தன்கிட்டதான் குடுப்பேன். புடிடா!"

கைதட்டினார்கள். இளவரசன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"மொதலாளி, நான் லீவு போட்ட அன்னிக்கு?"

"லீவு போடாத."

"சாயந்தரம் நான் வீட்டுக்குப் போனப்புறம்?"

"டேய், மரியாத பண்றப்ப கேள்வி கேக்காதடா."

பழைய இளவரசனாக இருந்தால் அன்றே அடுத்த வேலை தேடக் கிளம்பியிருப்பான். கூட்டம் கலைந்ததும் கோணி தைக்கிற சணலில் ஒரு முழம் எடுத்து, சாவியைப் பூட்டின் வளையத்தோடு சேர்த்துக் கட்டினான். பூட்டைத் திறந்து, திறந்தபடியே கொக்கியில் மாட்டிவிட்டான்.

மறுநாள் காலை பச்சமுத்து அதன் முன்னால் வந்து நின்றார்.

"இன்னாடா இது?"

"பூட்டு இருக்குது மொதலாளி."

"சாவி ஒங்கிட்ட இருக்கணும்னுதான சொன்னேன்?"

"எங்கிட்ட இருந்தா எங்கியாவது தொலச்சிடுவேன். அதான் பூட்டுகிட்டயே குடுத்து வச்சிருக்கேன்."

பச்சமுத்து பூட்டைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார். இரண்டும் சொன்ன இடத்தில்தான் இருந்தன. குற்றம் எங்கே இருக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. அன்று நெல் லாரிகள் வேறு வரிசையாக வந்துகொண்டிருந்தன. "சரி, துரு புடிக்காம பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் பாய்லர் பக்கம் போனார்.

இன்றுவரை அந்தப் பூட்டு ஒருமுறைகூடப் பூட்டப்படவில்லை. ஆனால் மாதம் தவறாமல் எண்ணெய் போடப்படுகிறது. முதலாளி உத்தரவு.